உருளைக்கிழங்கு வேகும் நேரம்

பிரிட்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ், உலகின் தலைசிறந்த படம் எது என்று 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டுவருகிறது. முதல் முறை இத்தாலியின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' வென்றது. 1962 தொடங்கி 2002 வரை ஐந்து முறையும் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்'தான். 2012-ல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' அதை இறக்கிவிட்டு மேலே ஏறியது. 2022 டிசம்பரில் அடுத்த பட்டியல் வந்தபோது, சினிமாவிலேயே ஊறியவர்கள்கூட அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்கள். 1,600-க்கும் மேற்பட்டோர் வாக்களித்து முதலிடம் கொடுத்திருந்த படத்தில், ஒரு பெண் மூன்று மணி நேரம் இருபத்தொரு நிமிடம் வீட்டுவேலை செய்கிறாள்.

'ழான் தீல்மன், 23 கே து கொமெர்ஸ், 1080 ப்ருசெல்' என்பது படத்தின் முழுப்பெயர். பெயரும் வீட்டு விலாசமும் சேர்ந்ததே தலைப்பு. பெல்ஜியத்தில் எடுக்கப்பட்ட பிரெஞ்சு மொழிப் படம். இயக்குநர் ஷாந்தால் அக்கர்மனுக்குப் படம் வெளிவந்த 1975-ல் வயது 25. அந்தப் பட்டியலில் ஒரு பெண் இயக்கிய படம் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அதைப் பார்க்க அவர் இல்லை, 2015-லேயே இறந்துவிட்டார்.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. பத்து வருடம் முன்பு முதல் முப்பதுக்குள்கூட வராத படம் ஒரே தாவலில் உச்சிக்குப் போனால் வாக்கெடுப்பின் நம்பகத்தன்மை என்னாவது என்று கேட்டவர்களில் பால் ஷ்ரேடரும் ஒருவர். 'டாக்ஸி டிரைவர்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அவர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெதுவான படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று 1972-லேயே ஓசு, ப்ரெஸ்ஸோன், டிரையர் ஆகிய மூன்று இயக்குநர்களையும் வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதியவரும் இதே ஷ்ரேடர்தான்.

நம் ஊரில் இந்த வகைப் படங்களுக்கு 'அவார்டு படம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதில் மரியாதை பாதி, கேலி பாதி. ஒருவன் வருவான், ஜன்னல் வழியே பார்ப்பான், ஐந்து நிமிடம் கழித்துப் போய்விடுவான், அவ்வளவுதான் கதை என்பது அந்தக் கேலியின் சாரம். 'ஜவ்வாக இழுக்கிறது' என்பது அடுத்த வாக்கியம். இந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்காமல் நேராக எடுத்துக்கொண்டு பார்ப்பதே நல்லது. இழுப்பது உண்மை. எதற்காக இழுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ழான் தீல்மன் ஒரு விதவை. பள்ளியில் படிக்கும் மகனோடு பிரஸ்ஸல்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறாள். காலையில் மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறாள், காப்பி கலக்கிறாள், அவனை அனுப்பிவிட்டுப் படுக்கையை மடிக்கிறாள், கடைக்குப் போகிறாள், வந்து சமைக்கிறாள். ஓர் அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்ததும் அழைப்பு மணி அடிக்கும். ஓர் ஆண் வருவான். படுக்கையறைக் கதவு மூடும். அவன் போகும்போது கொடுக்கும் பணத்தை, சாப்பாட்டு மேஜைமேல் இருக்கும் சூப் பாத்திரத்துக்குள் போட்டு மூடுகிறாள். உருளைக்கிழங்கும் சரியாக வெந்திருக்கும். அந்த வீட்டின் பொருளாதாரமே ஒரு கிழங்கு வேகும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

படம் இப்படி மூன்று நாட்களைக் காட்டுகிறது. கேமரா நகர்வதில்லை. முகத்துக்கு அருகில் போவதில்லை. பின்னணி இசை கிடையாது. பாத்திரம் கழுவினால் முழுவதும் கழுவி முடிக்கும்வரை பார்த்தாக வேண்டும். அதுவும் பெரும்பாலும் அவள் முதுகை. இந்தப் பாத்திரத்தில் நடித்தவர் டெல்ஃபின் சேரிக், பிரெஞ்சு சினிமாவின் ஒயிலான நட்சத்திரம். அவரை அக்கர்மன் மாவுத்தூள் ஒட்டிய கைகளோடு இறைச்சித் துண்டு புரட்ட வைத்தார். ஒவ்வோர் அசைவும் திரைக்கதையிலேயே நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர் பாபெத் மங்கோல்ட் என்ற பெண் ஒளிப்பதிவாளர். படக்குழுவிலும் பெரும்பாலோர் பெண்களே.

இரண்டாம் நாள் வந்த ஆள் சற்று அதிக நேரம் தங்கிவிடுகிறான். உருளைக்கிழங்கு குழைந்துவிடுகிறது.

எழுதிப் படித்தால் இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தவருக்கு இது பெரிய விபத்து. ழான் பாத்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். தலை கலைந்திருக்கிறது. சூப் பாத்திரத்தின் மூடியை மூட மறந்திருக்கிறாள். புதிதாகக் கிழங்கு வாங்கிவந்து தோல் சீவ உட்காருகிறாள். முதல் நாள் கத்தி போன வேகத்துக்கும் இப்போது போகும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவருக்குப் பட்டென்று தெரிகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாளின் நீளம்தான் அதைச் சொல்லிக்கொடுத்தது. மூன்றாம் நாள் காப்பி ருசி சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி போடும்போது, ஒரு திகில் படத்தில் கதவு தானாகத் திறந்தால் வருகிற பதற்றம் வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

நிதானமான படங்கள் வேலை செய்யும் முறை பெரும்பாலும் இதுவே. முதலில் ஒரு வழக்கத்தைப் பழக்குகிறார்கள். பழகும்வரை அலுப்பாகத்தான் இருக்கும். பழகிய பிறகு அந்த வழக்கத்தில் ஒரு நூலிழை பிசகினாலும் பார்ப்பவருக்கு உறைக்கிறது. முதல் பாதியைக் குறைத்துவிட்டால் இரண்டாம் பாதி வெறும் சமையலறைக் காட்சியாகப் போய்விடும். ஆகவே "அந்த நீளத்தைக் கொஞ்சம் வெட்டியிருக்கலாமே" என்ற யோசனை, இந்தப் படத்தைப் பொறுத்தவரை, அதன் அஸ்திவாரத்தைக் கொஞ்சம் எடுத்துவிடலாமே என்பதற்குச் சமம்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. சினிமா வழக்கமாக எதை வெட்டி எறிகிறது? கதாநாயகி சமைத்தாள் என்றால் தாளிக்கும் சத்தம் ஒன்று, தட்டில் சாப்பாடு ஒன்று, முடிந்தது. நடந்தான் என்றால் புறப்பட்டது ஒன்று, சேர்ந்தது ஒன்று. காத்திருந்தான் என்றால் கடிகாரம். உலகத்தில் பாதிப் பேரின் வாழ்நாள் அந்த வெட்டுகளுக்கு நடுவில்தான் கழிகிறது. அக்கர்மனின் தாய் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்தவர். தான் சிறுவயதில் பார்த்துவளர்ந்த வீட்டுப் பெண்களின் அசைவுகளையே அக்கர்மன் படமாக்கினார். கதைக்குத் தேவையில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கியதைக் கதையாக்கியதுதான் அவர் செய்தது. இந்த வகையின் நல்ல படங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இதைச் செய்கின்றன.

அக்கர்மனுக்கு முன்னோடி உண்டு. 1952-ல் வந்த விட்டோரியோ டி சிகாவின் 'உம்பெர்ட்டோ டி' படத்தில், ஒரு வீட்டு வேலைக்காரப் பெண் காலையில் எழுந்து சமையலறைக்கு வருகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் ஊற்றி விரட்டுகிறாள், காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தை மடியில் வைத்துச் சுற்றுகிறாள், எழுந்திருக்க அலுப்பாகி உட்கார்ந்தபடியே காலை நீட்டி விரல்நுனியால் கதவைத் தள்ளிச் சாத்தப் பார்க்கிறாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், மணம் ஆகவில்லை. கதை அந்த இடத்தில் ஓர் அங்குலமும் நகரவில்லை. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸேன் இந்தச் சில நிமிடங்களைக் கொண்டாடி எழுதினார். வாழ்க்கையின் நேரத்தை அப்படியே திரையில் ஓடவிட முடியும் என்பதற்கு அவருக்கு அது சாட்சி. படம் அன்று இத்தாலியில் ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960-ல் கான் விழாவில் அந்தோனியோனியின் 'லாவென்ச்சுரா' திரையிடப்பட்டபோது அரங்கமே கூச்சலிட்டது. மறுநாள் சக கலைஞர்களும் விமர்சகர்களும் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். விழா முடிவில் நடுவர் குழுவின் பரிசும் கிடைத்தது. மெதுவான படத்துக்குத் திட்டும் பரிசும் ஒரே வாரத்தில் கிடைப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

எண்களைப் பார்த்தால் இந்தச் சண்டை இன்னும் தெளிவாகும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கெடுத்தபடி, 1930 முதல் 1960 வரை வந்த ஹாலிவுட் படங்களில் ஒரு ஷாட் சராசரியாக 8 முதல் 11 விநாடி ஓடியது. 2000-ஐ ஒட்டி அது 3 முதல் 6 விநாடியாகக் குறைந்தது. 2007-ல் வந்த 'த போர்ன் அல்டிமேட்டம்' படத்தில் சுமார் 2 விநாடி. ஹங்கேரியின் பெலா தார் 2011-ல் எடுத்த 'த டூரின் ஹார்ஸ்' இரண்டரை மணி நேரப் படம். அதில் மொத்தமே 30 ஷாட். ஒன்றுக்குச் சராசரி ஐந்து நிமிடம். ஃபிலிம் சுருளில் எடுத்த காலத்தில், 300 மீட்டர் சுருள் ஒன்று ஏறத்தாழ 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஷாட் அதற்குமேல் நீள முடியாது. தன்மேல் இருக்கும் தணிக்கையே அதுதான் என்று தார் குறைபட்டுக்கொண்டதுண்டு.

'டூரின் ஹார்ஸ்' படத்திலும் உருளைக்கிழங்கு இருக்கிறது. சொல்லப்போனால் உணவு என்று வேறெதுவும் இல்லை. ஓயாத புயற்காற்றுக்கு நடுவே ஒரு கல்வீடு, ஒரு வண்டிக்காரர், அவர் மகள், சண்டித்தனம் செய்யும் ஒரு குதிரை. தந்தைக்கு வலதுகை விளங்காது. மகள்தான் சட்டை மாட்டிவிட வேண்டும். தினமும் ஆளுக்கு ஒரு அவித்த கிழங்கு. ஆவி பறக்க, கையாலேயே தோல் உரித்து, உப்புத் தொட்டு விழுங்குகிறார் தந்தை. முதல் நாள் கேமரா அவரைப் பார்க்கிறது. அடுத்த நாள் மகள் பக்கம் திரும்புகிறது. அதற்கடுத்த நாள் இருவரையும் தள்ளி நின்று பார்க்கிறது. ஒரே சாப்பாட்டை மூன்று இடத்தில் நின்று பார்த்த பிறகு, அந்த வீட்டுக் கிணறு வறண்டுபோகும்போது விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் வெள்ளிக்கரடி விருது பெற்ற அந்தப் படமே தன் கடைசிக் கதைப்படம் என்று அறிவித்தார் தார். மகளாக நடித்த எரிகா போக், பதினேழு ஆண்டுகளுக்கு முன் தாரின் 'சாத்தான்டாங்கோ'வில் சிறுமியாக வந்தவர்.

'சாத்தான்டாங்கோ' பற்றி ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. 1994-ல் வந்த அந்தப் படம் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மாடுகள் கொட்டிலை விட்டு வெளியேறிச் சேற்றில் நடந்துபோவதுதான் முதல் ஷாட். எட்டு நிமிடம் நெருங்கும். அதன் மூல நாவலை எழுதியவர், தாரோடு சேர்ந்து திரைக்கதைகளும் அமைத்தவர், லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய். 2025-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நீளமான ஷாட் இருந்தால்தான் நிதானம் வரும் என்பதில்லை. ஜப்பானின் யசுஜிரோ ஓசு இதற்கு நல்ல உதாரணம். 1953-ல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி' படத்தின் ஷாட்டுகள் அன்றைய ஹாலிவுட் அளவுதான். ஆனாலும் படம் அவசரப்படுவதே இல்லை. காரணம், ஓசு எல்லாவற்றிலும் சற்றுப் பிந்தி வெட்டுகிறார். ஆட்கள் எழுந்து போன பிறகும் அறை சிறிது நேரம் திரையில் இருக்கிறது. ஒரு காட்சிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே புகைபோக்கி, கொடியில் காயும் துணி, ரயில் பாதை என்று மனிதர் இல்லாத சில படங்கள் வருகின்றன. கேமரா, பாய்மேல் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் தாழ்வாக இருக்கிறது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கோணம் அந்நியமாகத் தோன்றாது.

கதை நாலு வரி. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகுநிலையம் நடத்துபவள், இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் இறந்த இன்னொரு மகனின் மனைவி நொரிகோ மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு ஊர் சுற்றுகிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் கத்தவில்லை. மகள் அம்மாவின் சாவுக்கு ஓவென்று அழுகிறாள். அழுத கையோடு அம்மாவின் எந்தக் கிமோனோ தனக்கு என்று கேட்கிறாள். மனைவி இறந்த விடியலில் வெளியே போய் நிற்கும் கிழவர், இன்றைக்கும் வெயில் கொளுத்தும் போலிருக்கிறது என்கிறார். தந்தையாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்பது நம்பக் கடினம். 2012-ல் அதே 'சைட் அண்ட் சவுண்ட்' இயக்குநர்களிடம் தனியாக நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பெற்றது. தொழில் தெரிந்தவர்கள் கொடுத்த சான்றிதழ் அது.

இந்த வரிசையில் மிகவும் எளிதாகப் பார்க்கக்கூடியவர் ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி. 1987-ல் வந்த அவருடைய 'வேர் இஸ் த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்?' வெறும் 83 நிமிடம். பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவன் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதாமல் வேறு தாளில் எழுதிவந்ததற்கு வாத்தியார் திட்டுகிறார். இன்னொரு முறை இப்படிச் செய்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்கிறார். பக்கத்தில் உட்காரும் அகமது அன்று மாலை பையைத் திறந்தால், அந்த நண்பனின் நோட்டு இவன் பையில் இருக்கிறது. நண்பன் வீடு அடுத்த ஊரில். அங்கே எந்தத் தெரு என்று தெரியாது. அம்மா விட மாட்டேன் என்கிறாள். பையன் ஓடுகிறான்.

இந்தப் படத்தில் மெதுவாகப் போவது இயக்குநர் அல்ல, பெரியவர்கள். தாத்தா பையனை நிறுத்தி, வீட்டுக்குப் போய்ச் சிகரெட் எடுத்துவா என்கிறார். அவரிடம் சிகரெட் இருக்கிறது. பையனுக்குக் கீழ்ப்படிதல் பழக வேண்டுமாம். இருட்டும் வேளையில் வழிகாட்ட வரும் வயதான தச்சர், தான் செய்த கதவுகளையும் ஜன்னல்களையும் காட்டிக்கொண்டே அடிமேல் அடிவைத்து நடக்கிறார். பையன் தவிக்கிறான். கிழவரை விட்டுவிட்டு ஓடவும் அவனுக்கு மனம் வரவில்லை. பார்ப்பவருக்கும் அதே தவிப்பு. துரத்தல் காட்சி வைத்து உண்டாக்கும் பரபரப்பைக் கியரோஸ்தமி ஒரு கிழவரின் நடையை வைத்து உண்டாக்கிவிடுகிறார். 1990-ல் அந்தப் பகுதியைப் பெரும் பூகம்பம் தாக்கிப் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். நடித்த சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போனார் கியரோஸ்தமி. அந்தத் தேடலே 1992-ல் இன்னொரு படம் ஆனது.

தன் படம் ஓடும்போது யாராவது தூங்கினால் கியரோஸ்தமிக்குக் கோபம் வராது. பார்ப்பவரை இருக்கையோடு கட்டிப்போடும் படங்களைவிட, அரங்கில் கண் அசரவைத்துவிட்டு இரவில் விழிக்கவைக்கும் படங்களே தனக்குப் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். தாய்லாந்தின் அபிசாட்பாங் வீரசேதகுல் இன்னும் ஒருபடி மேலே போனார். 2010-ல் கான் விழாவின் தங்கப்பனை விருது வாங்கிய இவர், 2018-ல் ராட்டர்டாம் திரைவிழாவில் கட்டில்களும் பெரிய திரையும் வைத்து ஒரு கூடத்தையே விடுதி ஆக்கினார். இரவு முழுக்கப் படம் ஓடும்; வந்தவர்கள் படுத்துத் தூங்கலாம், நடுவில் விழித்துப் பார்க்கலாம். ஐரோப்பியர்களுக்கு இது புதுமை. பாய் கொண்டுபோய் விரித்துத் தெருக்கூத்து பார்க்கும் வட தமிழகத்து ஊர்களில், நடுச்சாமத்தில் கண் அயர்ந்து துகில் உரிதலுக்கு எழுப்பிவிடச் சொல்லும் வழக்கம் காலங்காலமாக இருக்கிறது. தூங்கியதால் கூத்தை அவமதித்ததாக அங்கே யாரும் நினைப்பதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிச் சமாதானம் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 2010-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' ஆசிரியர் நிக் ஜேம்ஸே தன் இதழில் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். இந்தப் படங்கள் பார்ப்பவரின் பொன்னான நேரத்தை நிறைய வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுப்பது சில சமயம் கொஞ்சமாக இருக்கிறதே என்பது அதன் பொருள். மறு ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் டான் கோய்ஸ், உடம்புக்கு நல்லது என்று காய்கறியை விழுங்குகிற மாதிரி இந்தப் படங்களைப் பார்த்துக் களைத்துப்போனதாக 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் வார இதழில் எழுதினார். அதே பத்திரிகையின் இரண்டு தலைமை விமர்சகர்கள் பதில் எழுதினார்கள். சண்டை சில மாதம் நடந்தது.

எதிர்ப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நிதானம் ஒரு பாணியாக உறைந்துவிட்டது என்பது உண்மை. ஆளில்லாச் சாலை, முதுகு காட்டி நடக்கும் மனிதர், பேசாத சாப்பாட்டு மேஜை ஆகியவற்றைச் சேர்த்தால் திரைவிழாவுக்கு ஒரு படம் தயார் என்ற அளவுக்கு நகல்கள் பெருகிவிட்டன. அவற்றைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். ஐந்து நிமிட ஷாட்டை ஒரு நிமிடமாகக் குறைத்தால் என்ன போகும் என்று கேட்டுப் பார்க்கலாம். ழானின் சமையலறையில் எல்லாமே போய்விடும். நகல்களில் நாலு நிமிடம் மட்டும் போகும். மெதுவாக இருப்பதாலேயே ஒரு படம் ஆழமானது ஆகிவிடாது. அலுப்பூட்டியதைப் புரியவில்லை என்று சொல்லித் தன்னையே குறைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வெளிநாட்டுப் படம் என்றதும் சப்டைட்டிலை நினைத்துத் தயங்குவோர் பலர். படம் பார்ப்பதா, வாசிப்பதா என்ற அந்தப் புகார் வேகமாகப் பேசும் படங்களுக்கே பொருந்தும். அங்கே கண் திரையின் அடிப்பகுதியிலேயே தங்கிவிடும். நடிகர் முகம் தப்பிப்போகும். நிதானமான படங்களில் ஒரு வரி வந்தால் அடுத்த வரி வர நேரமாகும். வாசித்துவிட்டு நிமிர்ந்து முகத்தையும் அறையையும் சாவகாசமாகப் பார்க்கலாம். ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாதவர்களும் சிரமமில்லாமல் தொடரக்கூடியவை இவைதான். மலேசியாவின் கூச்சிங் நகரில் பிறந்து தைவானில் படமெடுக்கும் ட்சாய் மிங்-லியாங், 2020-ல் வந்த 'டேஸ்' படத்துக்குச் சப்டைட்டிலே வேண்டாம் என்று தீர்மானித்தார். படம் தொடங்கும்போதே அதைத் திரையில் அறிவித்தும் விடுகிறார். இரண்டு மணி நேரப் படம். மொழி தெரியாததால் இழப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர்களில் பல புதியவை அல்ல. ஆனந்த விகடனில் ஒளிப்பதிவாளர் செழியன் எழுதிய 'உலக சினிமா' தொடர், ஃபிலிம் சொசைட்டிகளுக்கு வெளியே இருந்த பெருங்கூட்டத்துக்கு இந்தப் படங்களை அறிமுகப்படுத்தியது. அவரே பிறகு இயக்கிய 'டூலெட்' பின்னணி இசை இல்லாமல் வந்து தேசிய விருது பெற்றது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வாங்கியது. கோபக்காரத் தந்தையும் சிறுவனும் மதுரை மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் நடக்கும் 75 நிமிடம். அந்த வெயிலைச் சுருக்கிக் காட்டியிருந்தால் படமே இல்லை. 2024-ல் அவருடைய 'கொட்டுக்காளி' திரையரங்குகளுக்கு வந்தபோது, இப்படிப்பட்ட படத்தைத் தியேட்டரில் போடலாமா என்று விவாதமே நடந்தது. நடிகர் சூரியை நம்பி வந்தவர்கள் சிலர் ஏமாந்து எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் பல நாள் பேசினார்கள். பக்கத்து மாநிலத்தின் கதை வேறு. 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைவிழாவுக்கு வந்து வாழ்நாள் சாதனையாளர் விருது பெற்றார் பெலா தார்.

முயன்று பார்க்க விரும்புவோர் ழான் தீல்மனிலிருந்து தொடங்க வேண்டாம். அது முதல் படி அல்ல. கியரோஸ்தமியின் 83 நிமிடப் படம் குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க ஏற்றது. வீட்டுப்பாடத்துக்குப் பயந்த எவருக்கும் புரியும். அடுத்து விம் வெண்டர்ஸ் 2023-ல் ஜப்பானிய மொழியில் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்க்கலாம். டோக்கியோவின் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவர் தினமும் எழுவது, செடிக்குத் தண்ணீர் தெளிப்பது, கேசட்டில் பாட்டுக் கேட்டபடி வேன் ஓட்டுவது, வேலையைத் துப்புரவாகச் செய்வது, இவ்வளவுதான். நடித்த கோஜி யாகுஷோ கானில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அந்தக் கதாபாத்திரத்தின் பெயர் ஹிராயாமா. 'டோக்கியோ ஸ்டோரி' குடும்பத்தின் பெயரும் அதுவே. வெண்டர்ஸ் ஓசுவின் பரம பக்தர். அங்கிருந்து ஓசுவுக்குப் போவது எளிது. அப்புறம் ழான். தார் கடைசியில்.

கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். முதல் இருபது நிமிடம் கை தானாக அதைத் தேடும். ஓட்டிவிட்டுப் பார்க்கும் வசதியையும் மறந்துவிட வேண்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் ழான் தீல்மன், சீக்கிரம் வேலை முடிக்கும் வேறு ஒரு பெண்ணைப் பற்றிய படம். அரை மணி நேரம் கழித்தும் ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் தாராளமாக அணைத்துவிடலாம். கானில் கூச்சல் போட்டவர்களும் படம் பார்க்க வந்த ரசிகர்களே. 'சாத்தான்டாங்கோ'வுக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்குங்கள். அரங்குகளிலேயே அதற்கு இரண்டு இடைவேளை விடுகிறார்கள்.